பொது மைதானத்தில் புல் கருகுவது ஏன்?

(ஊராட்சி மன்ற உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பள்ளி மைதானத்திலும் ஊர்ப் பூங்காவிலும் அருகம்புல் திட்டுத் திட்டாகக் கருகக் கண்டவுடன், மருந்து வாங்கத் தீர்மானம் கொண்டுவர எண்ணுகிறோம். அம்மைதானத்தில் நம் குழந்தைகள் விளையாடுகின்றனர். ஆடு மாடுகள் மேய்கின்றன. காரணம் அறியாது தெளிக்கும் நஞ்சினால் பொதுப் பணம் வீணாகும். உயிர்களுக்கும் கேடு நேரலாம். ஆதலின் முதற்கண் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

அருகு வெயிலில் தழைக்கும் புல். கோடையில் நீரின்றி மைதானம் முழுவதும் பழுத்திருப்பின், மண்ணுள் ஓடும் தண்டைக் கீறிப் பாருங்கள். அது வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் உயிர் உள்ளது. மழை பெய்ததும் துளிர்க்கும்.

சில இடங்கள் மட்டும் காய்ந்திருப்பின், திட்டின் ஓரத்துப் புல்லைப் பற்றி இழுங்கள். பாய் சுருட்டுவது போல் எளிதில் பெயர்ந்து வருமாயின், வேர் தின்னப்பட்டிருக்கக் கூடும். ஓரடிச் சதுரம் வெட்டிப் பாருங்கள். பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் வெண்ணிறப் புழுக்கள் தென்படின், அவை வேர்ப்புழுக்களே. கோடை மழைக்குப் பின் இவற்றின் தாய் வண்டுகள் அந்தி வேளையில் வேம்பு முதலிய மரங்களில் இலை தின்ன வந்து கூடும். அப்பொழுது கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டு அழிக்கலாம்.

புல் பெயராவிடில், நீர் விட்டபின் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றுங்கள். கம்பி இறங்காவிடில் நடமாட்டத்தால் மண் இறுகியிருக்கும். அல்லது கட்டட வேலையின் கல்லும் காரையும் புதைந்திருக்கும். அவ்விடத்தைக் கொத்தி, மட்கிய எருவிடுதலே மருந்தாகும்.

நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் தோன்றினால் நாயின் சிறுநீரோ, சிந்திய யூரியாவோ காரணமாகலாம். நிறைய நீர் விடுக. விடியற்காலையில் சிலந்தி வலை போன்ற இழைகளும் இலையில் புள்ளிகளும் காணப்படின் அது பூசணம். மாலையில் நீர் விடுவதை நிறுத்திக் காலையில் விடுக. அடர்ந்த மர நிழலில் அருகு நில்லாது. அங்கே எந்த மருந்தும் பயன் தராது.

காரணம் நீங்கியபின், மழைக் காலத்தில் கணுவுள்ள அருகந் துண்டுகளை நட்டால் வெற்றிடம் மூடிவிடும்.

உறுப்பினர்களே! மருந்துக்குத் தீர்மானம் எழுதுமுன் மண்வெட்டியுடன் மைதானத்திற்குச் செல்லுங்கள். புழுவை நேரிற் கண்டு, வேளாண்மைத் துறை அலுவலரைக் கலந்த பின்னரே பணம் ஒதுக்குங்கள் எனக் கேட்டு அமைகிறேன்.