1,370 விநாடி: ஒரு டீசல் எஸ்யூவி, ஒரு இஃப் கண்டிஷன்

இந்த வாரம் ஃபிரேம்வொர்க், ஏஐ எதுவும் இல்ல. ஒரு கார் கதை. ஆனா கேட்டு முடிக்கறப்போ இது கார் கதைதானான்னு உங்களுக்கே சந்தேகம் வரும்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு டெப்ளாய்மென்ட் முடியறதுக்காக உக்காந்திருந்தேன். போன்ல யூஸ்டு கார் ஆப்ப சும்மா தள்ளிக்கிட்டே இருக்கேன், ஒரு பெரிய ஜெர்மன் டீசல் எஸ்யூவி வந்து நிக்குது. லெதர் சீட், சன்ரூஃப், எல்லாம் இருக்கு. விலை ஒரு புது ஹேட்ச்பேக் விலை. வாங்கற எண்ணமெல்லாம் இல்லங்க. என் அபார்ட்மென்ட்ல பைக் நிறுத்தவே சண்டை. ஆனாலும் அந்த மாதிரி இன்ஜினைப் பத்தித் தேடப் போய், அங்கிருந்து ஒரு லிங்க், அதுலிருந்து இன்னொரு லிங்க்னு, கடைசியில அமெரிக்க அரசோட ஒரு நோட்டீஸ்ல போய் நின்னேன். அப்போ மணி நாலு.

2015 நவம்பர் 2 தேதியிட்ட நோட்டீஸ் அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன், ஆடி, போர்ஷே கம்பெனிகளுக்கு அனுப்பினது. ஃபோக்ஸ்வாகன் ஊழல்னா நமக்கெல்லாம் ஞாபகம் வர்றது செப்டம்பர் 18. ஜெட்டா, பஸாட் மாதிரி 2 லிட்டர் கார்கள் மாட்டின நாள். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது அதுலதான். நான் சொல்ல வர்றது அதுக்கு ஆறு வாரம் கழிச்சு வந்த ரெண்டாவது நோட்டீஸ். இது பணக்கார வண்டிகளுக்கு. 3 லிட்டர் வி6 டீசல். டுவாரெக், கயென், ஆடி க்யூ5.

இப்போ ஒரு சின்ன கற்பனை. நீங்க கலிபோர்னியாவுல இருக்கீங்க. 2013-ல ஒரு டுவாரெக் டீசல் வாங்கினீங்க. ஏன் டீசல்? பெட்ரோல் வி6 ஹைவேயில காலனுக்கு 23 மைல் குடுக்கும், டீசல் 29 குடுக்கும். 100 லிட்டர் டேங்க். ஒருவாட்டி நிரப்பினா ஹைவேயில ஆயிரம் கிலோமீட்டரத் தாண்டி ஓடும். 550 நியூட்டன் மீட்டர் டார்க், பின்னாடி மூணரை டன் டிரெய்லரக் கட்டி இழுக்கலாம். அதுக்கும் மேல, மனசுக்கு ஒரு நிம்மதி. 'க்ளீன் டீசல்'னுதான் வித்தாங்க. பெரிய வண்டியும் ஓட்டலாம், குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஹைபிரிட் வெச்சிருந்தா அவர்கிட்ட வாதம் பண்ணவும் ஒரு பாயின்ட் கிடைச்சுது. நான் அந்த ஊர்ல அந்த வருமானத்துல இருந்திருந்தா நானும் அதத்தான் வாங்கியிருப்பேன்.

செப்டம்பர்ல ஜெட்டாக்காரங்க மாட்டினப்போ நீங்க என்ன நினைச்சிருப்பீங்க? "அது சின்ன இன்ஜின், நம்மது வேற." அப்படி நினைக்க ஒரு டெக்னிக்கல் காரணமும் இருந்துச்சு.

டீசல் இன்ஜின்ல வெப்பமும் அழுத்தமும் அதிகம், காத்தும் தேவைக்கு மேல உள்ள போகும். அதனால நைட்ரஜன் ஆக்சைடு நிறைய உருவாகும். நகரத்துல ஓசோன் புகையும் நுண்துகளும் உருவாக இது ஒரு பெரிய காரணம். ஆஸ்துமா இருக்கற குழந்தை இருக்கற வீட்டுல கேட்டுப் பாருங்க, அது என்ன பண்ணும்னு சொல்வாங்க. இதைக் குறைக்க நல்ல வழி, வெளிய போற புகையில யூரியாத் தண்ணிய ஸ்ப்ரே பண்றது. ஆட்புளூன்னு சொல்வாங்க. யூரியா சூட்டுல அமோனியாவா மாறி, கேட்டலிஸ்ட்ல நைட்ரஜன் ஆக்சைடோட சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் தண்ணியுமா வெளிய போகும். முதல்ல மாட்டின ஜெட்டாக்கள்ல பெரும்பாலானதுல இந்த சிஸ்டமே கிடையாது. டுவாரெக்ல இருந்துச்சு. அப்போ நம்ம வண்டி தப்பிச்சுதுன்னுதானே தோணும்?

ஹார்டுவேர் இருந்துச்சு. அது எவ்வளவு ஸ்ப்ரே பண்ணணும்னு முடிவு பண்றது சாஃப்ட்வேர். ஆட்புளூ டேங்க் அளவானது. 10,000 மைல் சர்வீஸ் வரைக்கும் அது தாங்கணும். நடுவுல கஸ்டமர் வந்து நிரப்பற மாதிரி வெச்சா வண்டி விக்காதுன்னு பயம். சட்டப்படி ஸ்ப்ரே பண்ணா டேங்க் சீக்கிரம் காலி. அப்போ என்ன பண்ணணும்? பெரிய டேங்க் வைக்கணும், இல்ல கஸ்டமர்கிட்ட உண்மையச் சொல்லணும். ரெண்டும் பண்ணல.

இப்போ அந்த நோட்டீஸ்ல என்னைத் தூங்கவிடாம பண்ண இடத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல கார்களச் சோதிக்க ஒரு ஸ்டாண்டர்ட் டெஸ்ட் இருக்கு. வண்டிய ரோலர் மேல நிறுத்தி, குறிப்பிட்ட வேகத்துல, குறிப்பிட்ட நேரம் ஓட்டுவாங்க. அதோட ஆரம்பக் கட்டங்கள் முடிய 1,370 விநாடி ஆகும். கிட்டத்தட்ட 23 நிமிஷம். இந்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு நல்ல பையன் மோடுல இருக்கும். அந்தக் கட்டம் முடிஞ்சு சரியா ஒரு விநாடி கழிச்சு, இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்ல ஒரு ஸ்டேட்டஸ் பிட் 1-லிருந்து 0-க்கு மாறும். அதுக்கப்புறம் வண்டி 'நார்மல் மோடு'க்குப் போயிடும். அதுல நைட்ரஜன் ஆக்சைடு அனுமதிச்ச அளவைவிட 9 மடங்கு வரைக்கும் போகும்.

ஒரு பிட் மக்களே. ஒரே ஒரு பிட்.

அந்த நல்ல பையன் மோடுக்கு என்ன பேர் தெரியுமா? 'டெம்பரேச்சர் கண்டிஷனிங்'. 2 லிட்டர் கார்கள்ல இருந்ததுக்கு 'அகுஸ்டிக் ஃபங்ஷன்'னு பேர், அதாவது சத்தம் சம்பந்தப்பட்டதாம். 2017-ல அமெரிக்க, ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 926 ஃபர்ம்வேர் இமேஜ்கள அலசி, அதுல 406-ல ஏமாத்து வேலைக்கான தடயத்தக் கண்டுபிடிச்சாங்க. எதுலயும் 'சீட்'னு வேரியபிள் பேர் இல்ல. யாரும் அப்படி வைக்க மாட்டாங்க. எல்லாம் பொறுப்பான பேர். கோட் ரிவ்யூல பார்த்தா நீங்களும் நானும் "லுக்ஸ் குட்" போட்டிருப்போம்.

நோட்டீஸ் வந்த அன்னைக்கே கம்பெனி மறுத்துச்சு. 3 லிட்டர் இன்ஜின்ல தடைசெய்யப்பட்ட மாதிரி எந்த சாஃப்ட்வேரும் இல்லன்னு அறிக்கை விட்டாங்க. 17 நாள் கழிச்சு, நவம்பர் 19-ந்தேதி, 2009-லிருந்து 2016 வரைக்கும் அமெரிக்காவுல வித்த 3 லிட்டர் டீசல் எல்லாத்துலயும் இருக்குன்னு அதிகாரிகள்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. சுமார் 80,000 வண்டி. நடுவுல இருந்த அந்த 17 நாள், அந்த வண்டி ஓனரா இருந்து யோசிங்க. யாரை நம்பறது?

சரி, நீங்க ஓனர். வண்டி வாசல்ல நிக்குது. நேத்து எப்படி ஓடுச்சோ இன்னைக்கும் அப்படியே ஓடுது. அரசு என்ன சொல்லுச்சுன்னா, வண்டி பாதுகாப்பானதுதான், ஓட்டறதும் விக்கறதும் சட்டப்படி சரி, ரீகால் வர்ற வரைக்கும் நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். யோசிச்சா இது கொடுமை. தடை பண்ணியிருந்தாக்கூட முடிவு அவங்களோடது. இப்போ தினமும் காலையில சாவியத் திருப்பற முடிவு உங்களோடது. குழந்தைய ஸ்கூல்ல விடப் போறீங்க, கேட் முன்னாடி இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு, 1,370 விநாடி எப்பவோ தாண்டியாச்சு. விக்கலாம்னா, வாங்கறவரும் அதே புகையத்தான் விடப் போறார், அதுவும் பாதி விலைக்கு.

இந்த நிலைமை எவ்ளோ நாள்னு கேக்கறீங்களா? 2 லிட்டர்காரங்களுக்கு 2016 அக்டோபர்ல கோர்ட் தீர்வு வந்துடுச்சு. 3 லிட்டர் ஒப்பந்தத்துக்கு சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி சார்லஸ் பிரேயர் இறுதி ஒப்புதல் குடுத்தது 2017 மே மாசம். ஒன்றரை வருஷம். பழைய டுவாரெக், க்யூ7 ஓனர்களுக்கு, கம்பெனியே திரும்ப வாங்கிக்கும்னு ஒரு வாய்ப்பு. புது மாடல்களுக்கு ரிப்பேர். அதோட நஷ்டஈடு, சுமார் 7,000-லிருந்து 16,000 டாலர் வரைக்கும். மோசமில்ல.

நம்ம ஊர்ல? 2015 டிசம்பர்ல, இந்தியாவுல வித்த 3,23,700 கார்களத் திரும்ப அழைச்சுச் சரிபண்றோம்னு அறிவிச்சாங்க. அதுல 36,500 ஆடி. இது 2 லிட்டர் குடும்பத்து இன்ஜின். இங்க ஓனருக்குக் கிடைச்சது சர்வீஸ் சென்டருக்கு வாங்க, சாஃப்ட்வேர் அப்டேட் போடறோம்ங்கற அழைப்புதான். 2019-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வெச்சுது. ஒரே குடும்பத்து இன்ஜின், ஒரே மாதிரி கோட். நீங்க எந்த நாட்டுல சாவிய வாங்கினீங்கங்கறதப் பொறுத்து உங்க வருத்தத்துக்கு விலை.

இதைவிட எனக்குக் கடுப்பான விஷயம் ஒண்ணு இருக்கு. இதெல்லாம் முடியாத காரியம் இல்ல. முதன்முதல்ல இதைப் பிடிச்சது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து டீம். டேன் கார்டர் தலைமை. டீம்ல ஒரு பேர் அர்விந்த் திருவேங்கடம். அதைப் படிச்சதும் நான் நிமிர்ந்து உக்காந்தேன்ங்கறத மறைக்க விரும்பல. ரோலர்ல வெச்சுச் சோதிக்காம, அளவிடற கருவிய டிக்கியில ஏத்திக்கிட்டு ரோட்டுல ஓட்டினாங்க. மொத்தம் மூணே கார். ஜெட்டா 15-லிருந்து 35 மடங்கு தாண்டுச்சு, பஸாட் 5-லிருந்து 20 மடங்கு. மூணாவது பிஎம்டபிள்யூ எக்ஸ்5. டீசல், சொகுசு, எஸ்யூவி. அது பெரும்பாலும் அளவுக்குள்ளயே ஓடுச்சு. அதாவது ரோட்டுலயும் ஒழுங்கா ஓடற டீசல் எஸ்யூவி செய்ய முடியும். பண்ணவங்க இருந்தாங்க.

2015 அக்டோபர்ல ஃபோக்ஸ்வாகன் அமெரிக்கத் தலைவர் மைக்கேல் ஹார்ன் நாடாளுமன்றக் குழு முன்னாடி உக்காந்து, இது கம்பெனி முடிவு இல்ல, ரெண்டு மூணு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் ஏதோ காரணத்துக்காகப் போட்டதுங்கற மாதிரி சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் ஜேம்ஸ் லியாங்ங்கற இன்ஜினியருக்கு 2017-ல 40 மாசம் சிறைன்னு படிச்சேன். ஆடியோட முன்னாள் தலைவர் ரூபர்ட் ஸ்டாட்லருக்கு 2023-ல மியூனிக் கோர்ட் குடுத்த தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போனார். இதைப் படிச்சு வந்த கோபத்துல எனக்கு லியாங் மேல பரிதாபம் வரப் பார்த்துச்சு. அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

என் முதல் வேலை. சின்ன கம்பெனி. டயக்னாஸ்டிக் லேப்களுக்கு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் பண்ணோம். ரிப்போர்ட் ஓபன் ஆக எட்டு ஒன்பது விநாடி ஆகும். மறுநாள் டெமோ. டீம் லீட் வந்து, "தம்பி, டெமோ அக்கவுன்ட்டுக்கு மட்டும் முன்னாடியே லோட் பண்ணி வெச்சுடு. அடுத்த ஸ்பிரிண்ட்ல எடுத்துடலாம்"னார். நான் ஒரு இஃப் போட்டேன். டெமோ லாகின்னா வேகம், இல்லன்னா பழைய வழி. ஃபிளாக் பேர் 'வார்ம்அப்'. பேர் வெச்சது நான்தான். டெமோ பிரமாதம், கையெழுத்தாச்சு. எடுத்துடலாம்னு சொன்ன ஸ்பிரிண்ட் வரவேயில்ல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு லேப்ல ஃப்ரன்ட் டெஸ்க்ல இருந்த அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, முன்னாடி பதினஞ்சு பேர் நிக்கறாங்க, ரிப்போர்ட் சுத்திக்கிட்டே இருக்கு. டெமோல நல்லாத்தானே வந்துச்சு?" நான் சொன்னேன், "உங்க நெட் ஸ்லோவா இருக்கும்க்கா, செக் பண்ணுங்க."

அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டாங்க. "ஓனர்கிட்ட சொல்லிப் புது கனெக்‌ஷன் போட்டாச்சு தம்பி. அப்பவும் அப்படியேதான் இருக்கு. நான் ஏதாச்சும் தப்பா அழுத்தறேனா?"

டிக்கெட் போடறேன்க்கான்னு சொல்லி வெச்சுட்டேன். நான் அந்த வேலைய விட்டு வந்தப்போ அந்த இஃப் அங்கதான் இருந்துச்சு. அடுத்த வாரம் பேசலாம்.