கிளச்சு இல்லாத லொறியும் நம்ம பிள்ளைகளும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசுவார். நாங்கள் இன்று கியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். ஓ.எல். முடித்த பையன்களிடம் அடுத்தது என்ன என்று கேட்டால், கொழும்புக் கடை என்பவர்களுக்கு அடுத்தபடி டிரைவர் வேலை என்பவர்கள்தான் அதிகம். லேர்னர்ஸுக்குக் கட்ட அம்மா சீட்டு எடுக்கிறார், இல்லாவிட்டால் காதுத் தோடு அடகுக்குப் போகிறது. அவ்வளவு பாடுபட்டு எடுக்கிற லைசன்ஸ் எந்த வண்டிக்கு என்று கேட்கிறோமா?

ஓட்டோ என்றால் இங்கே திரீவீல் அல்ல, ஓட்டோ கியர். அதில் பழகுவது சுகம். கிளச்சு இல்லை, கியர் மாற்றத் தேவையில்லை, சீக்கிரம் டெஸ்ட் பாஸ். ஆனால் ஓட்டோ வண்டியில் டெஸ்ட் கொடுத்தால், ஓட்டோ மாத்திரம் ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு லைசன்ஸிலேயே விழுந்துவிடும். நம்ம பக்கம் கொழுந்து ஏற்றுகிற லொறி, விறகு லொறி, மரக்கறி லொறி எல்லாம் பெரும்பாலும் என்ன? டாடா, லேலண்ட், பழைய ஐசுசு. எல்லாம் கையால் கியர் போடுகிற வண்டி. அந்த லைசன்ஸோடு அதில் ஏறினால் பொலிஸ் பிடிக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கொம்பனி கையை விரிக்கும். ஆகவே பெற்றோரே, செலவு கொஞ்சம் கூடினாலும் மெனுவலில் பழக விடுங்கள். மகளாக இருந்தாலும் அப்படித்தான். மெனுவல் லைசன்ஸ் உள்ளவர் ஓட்டோவும் ஓட்டலாம், மற்றப் பக்கம் நடக்காது.

லைசன்ஸ் கையில் வந்ததும் மலை கைக்கு வந்துவிடாது. டவுன் மட்டப் பாதையில் பழகிய பிள்ளை, ஈரக் கொழுந்து நிரம்பிய லொறியை வளைவில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடித்து, கிளச்சை மெதுவாக விட்டு, எஞ்சின் சத்தம் அமுங்கி வண்டி முன்னுக்கு இழுக்கப் பார்க்கிற அந்த இடம் காலுக்குத் தெரிய வேண்டும். பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவது. அதுவரை கிளீனர் தம்பி கட்டையோடு பின் டயர் பக்கத்தில் நிற்பார். அவர் உயிர் டிரைவருடைய இடது காலில் இருக்கிறது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்மார் சொல்வார்கள். அந்தக் கியரை இறக்கம் தொடங்க முதலே போட வேண்டும். பாதி வழியில் கியர் குறைக்கப் போய் அது விழாவிட்டால், வண்டி நியூட்ரலில் ஓடும், பாரம் பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும், லைனிங் கருகிய வாடை வரும், கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. எஞ்சின் நின்றால் எயார் பிரேக்குக்குக் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். அப்படி மிச்சம் பிடித்த டீசல் யாருக்கு வேண்டும்?

மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓடுவது வலது பக்கம். பெரிய லொறிகளில் கியரை கம்பியூட்டரே மாற்றுகிறது. வொல்வோ கொம்பனி 2001இல் கொண்டுவந்த ஐ-ஷிப்ட் 12 கியரையும் தானே மாற்றும். நம்ம பையன் பத்து வருஷம் டாடா ஓட்டியவனாக இருப்பான். முதல் சில நாட்கள் இடது கால் சும்மா இருக்காது. கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கும், வண்டி குத்தி நிற்கும். இடது காலை மடக்கி வைத்துப் பழகுவதே அவனுக்கு முதல் பாடம். பெடல் இல்லாவிட்டாலும் இந்தக் கியர்பெட்டிக்குள் கிளச்சு இருக்கிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் எக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் அது எரிந்துபோகும். 'டி'யில் போட்டுவிட்டு இறங்கலாம் என்றும் இருக்கக் கூடாது. இறக்கத்தில் அது தானாக மேல் கியருக்குப் போகப் பார்க்கும். கையால் குறைத்துப் பிடித்து, எஞ்சின் பிரேக்கைப் போட வேண்டும்.

இப்போது சங்கத்தின் விஷயம். ஒரு தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்தது. டிரைவர் வராத நாளில், லைசன்ஸ் எடுத்து மூன்று மாதமான பையனைக் கூப்பிட்டுக் கொழுந்து லொறியைக் கொடுத்திருக்கிறார்கள். பழக ஒரு நாளும் தரவில்லை. கிளச்சு பிளேட் எரிந்தது. அந்தக் காசை அவன் சம்பளத்தில் வெட்டப் பார்த்தார்கள். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் துரை நினைத்தபடி வெட்ட முடியாது. கடிதம் போனது, வெட்டு நின்றது. ஆனால் பிளேட் எரிந்த இடத்தில் பிரேக் போயிருந்தால் நாங்கள் எந்தக் கடிதம் எழுதியிருப்போம்? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதில் காசு கிடைக்கும். பிள்ளை கிடைக்க மாட்டான்.

ஆகவே நிர்வாகத்திடம் நாங்கள் வைக்கிற கோரிக்கை இது. புதிய டிரைவர் முதலில் பழைய டிரைவர் பக்கத்தில் இருக்க, வெறும் லொறியை அதே பாதையில் ஓட்ட வேண்டும். பிறகு பாதிப் பாரத்தோடு. அந்த நாட்களுக்கு முழுப் பெயர் போட வேண்டும், பழகுகிற நாள் என்று அரைப் பெயர் அல்ல. வெளியாள் என்று கணக்குக் காட்டாமல் சேமலாப நிதியும் கட்ட வேண்டும். இதைக் கேட்கிற வரை, பழகாத லொறியை ஏற்க மாட்டேன் என்று சொல்லும் பையனை "பயந்தவன்" என்று லயத்தில் யாரும் பரிகாசம் பண்ணாதீர்கள். கமிட்டித் தலைவரிடம் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்.

லைசன்ஸ் எடுத்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார், போவதற்கு முன் பெயரையும் ஓட்டோவா மெனுவலா என்பதையும் மேசையில் இருக்கிற கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். இளைப்பாறிய டிரைவர் ஐயாமார் இரண்டு பேர் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.