கைப்பிடிச் சுவரும் சாய்வுத்தளமும்



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது, இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம். மறையுரைகளில் அதிகம் கேட்காத வசனம் இது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். சுவர் இல்லாமல் ஒருவர் அங்கிருந்து விழுந்தால், அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். மோசே வழியாக இறைவன் தந்த சட்டத்தில், கொத்தனாருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது!

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விபத்து நடந்த பிறகு அல்ல, கட்டும்போதே செய்யச் சொல்கிறார் ஆண்டவர். மற்றொன்று, அந்தச் சுவர் தர்மம் அல்ல, கடமை. "எங்கள் வீட்டு மாடியில் யார் விழப்போகிறார்கள்?" என்று கேட்டு நாம் கைப்பிடிச் சுவரை விட்டுவிடுவதில்லை.

ஆனால் வாசலுக்கு வந்தால் நம் கேள்வி மாறிவிடுகிறது. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நாள்தோறும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. சாலை உயர்ந்துகொண்டே போகிறது என்று தரையை மூன்றடி, நாலடி தூக்கிக் கட்டுகிறோம். முன்னால் பளபளக்கும் கிரானைட் படிகள். கல்யாண மண்டபத்தில் பந்தி கீழே, மேடை மாடியில். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வழி எங்கே என்று கேட்டால், "அப்படி யாரும் இங்கே வருவதில்லையே சாமி" என்கிறோம். வழி இல்லாததால்தானே அவர்கள் வரவில்லை?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர், முழங்கால் தேய்ந்துபோன நம் வீட்டுப் பாட்டி என்று பார்த்தால், ஒவ்வோர் அன்பியத்திலும் சிலர் இருக்கிறார்கள். நாமும் ஒருநாள் அந்த வயதுக்குப் போகிறவர்கள்தான்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி இல்லை. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் இல்லை. பொதுக் கட்டடம் என்று அந்தச் சட்டம் சொல்வதில் தனியார் பள்ளியும், கடையும், மருத்துவமனையும் அடங்கும். வழிபாட்டு இடங்களும் அடங்கும். ஆம், நம் ஆலயமும்தான். பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டு கெடு 2022இலேயே முடிந்துவிட்டது.

இருந்தும் பல இடங்களில் ஏன் நடக்கவில்லை? பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது. ஆனால் அரசு வகுத்த விதியோ வெறும் வழிகாட்டுதலாக நிற்கிறது, இது செல்லாது என்றது நீதிமன்றம். கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது. விரும்பினால் செய்யலாம் என்று விட்டால் யாரும் செய்வதில்லை என்பதை நீதிமன்றமும் கண்டுகொண்டது. இணைச்சட்ட நூல் கைப்பிடிச் சுவரை விருப்பத்துக்கு விடாததன் காரணமும் அதுதான்.

சாய்வுத்தளம் இருந்தால் மட்டும் போதாது, அது சரியாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் பல சாய்வுத்தளங்கள் பைக் ஏற்றுவதற்காகப் போட்டவை. அரசின் வழிகாட்டுதல் சொல்லும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது வாசல் இரண்டடி உயரம் என்றால், சாய்வுத்தளம் 24 அடி நீளம் வேண்டும். இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, மூன்றடி அகலக் கதவு, உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம், அதே அளவுக்கு வசதியான கழிப்பறை. வரைபடத்திலேயே இவற்றைக் குறித்துவிட்டால் எளிது. கட்டிய பிறகு என்றால் இடிக்க வேண்டும். அதற்கு இடமும் இருக்காது.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவரை நால்வர் கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்குகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை இயேசு கண்டார். நாமும் அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அன்று வாசலை அடைத்து நின்ற கூட்டமும் இயேசுவைக் கேட்க வந்த கூட்டம்தான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பின்னால் ஒருவர் காத்திருப்பதைக் கவனிக்காதவர்கள். இன்றும் "நாலு பேர் தூக்கிவிடுவாங்க" என்கிறோம். தூக்கிவிடும் கைகளை இறைவன் ஆசீர்வதிப்பார். ஆயினும் குணமடைந்த மனிதரிடம் இயேசு சொன்னது, எழுந்து நீரே நடந்து வீட்டுக்குப் போம் என்பதுதான். தானாகப் போகும் மாண்பை அவர் திருப்பிக் கொடுத்தார்.

நோயாளர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் திருப்பலிக்கு வந்து, வாசக மேடையில் இறைவார்த்தையை வாசிக்க விரும்புகிறவருக்கு நம் பீடத்தின் படிகள் என்ன பதில் சொல்கின்றன?

எனவே அன்பானவர்களே, பங்கு மண்டபமோ, பள்ளி வகுப்பறையோ, சொந்தக் கடையோ கட்டப்போகிறவர்கள், வரைபடம் கையெழுத்தாகும் முன் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் அழைத்து அதைக் காட்டிக் கேளுங்கள். பொறியாளருக்குத் தெரியாத சில காரியங்கள் அவர்களுக்குத் தெரியும். பங்குப் பேரவையினர் அடுத்த கூட்டத்தில் ஆலயத்தின் வாசல்களை அளந்து பாருங்கள்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, உமது இல்லத்துக்கு வர விரும்பும் எவரும் எங்கள் படிகளால் திரும்பிப் போகாதபடி, நாங்கள் கட்டும் ஒவ்வொன்றிலும் அவர்களை நினைத்துக்கொள்ளும் மனத்தைத் தாரும். ஆமென்.