மணி அடித்தால் யாராவது வர வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேறி வர செல்போன் எப்படி உதவும்" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. செயலாளர் அண்ணன் போனில் பேசியபோது, "நீ ஏதோ ஆப் எல்லாம் செஞ்சிருக்கியாமேப்பா, அதைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை பேசு" என்றார். பெருமையாகப் பேச வருமா தெரியவில்லை அண்ணா. நடந்ததைச் சொல்கிறேன்.

நம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? மட்டத்தை ஒரு கருவி அளக்கும். அளவு மேலே போனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். எங்கள் பேராசிரியர் ஒரு நாள் அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். மீட்டரில் எண் அழகாக ஏறிக்கொண்டே போனது. நாங்களும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தோம். தொட்டி வழிந்து செருப்பு நனைந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். அளப்பது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒயர் வேண்டும் என்பது அன்றைய பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது உண்மையில் புரிந்தது 2022-ல், என் அம்மாவின் விஷயத்தில்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய நகரத்தில் ஆபரேஷன். மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். நான்காம் நாள், விலாவில் ஒரு டியூப், அதன் நுனியில் நீர் வடிய ஒரு பிளாஸ்டிக் டப்பா, இவற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வரச் சொல்லிச் சீட்டு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2016-ல் திறந்த அறுவை சிகிச்சை மையத்தில் மார்பகத்தை அகற்றும் ஆபரேஷனுக்கே ஒரு இரவுதான் தங்கல். சீக்கிரம் வீட்டுக்குப் போய் எழுந்து நடமாடுவது நோயாளிக்கும் நல்லதுதான்.

ஆனால் பாருங்கள், காயம் சீழ் பிடிப்பது, நீர் கோப்பது, ஜுரம் வருவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை காட்டும். வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி இருந்தது. அமுக்கினால் நர்ஸ் வருவார். சில சமயம் முணுமுணுத்துக்கொண்டே வருவார், ஆனால் வருவார். வீட்டில் அந்த மணி கிடையாது. அந்த மணியைத்தான் நாங்கள் செல்போனுக்குள் வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

'நாங்கள்' என்றால் நான் வேலை பார்த்த குழு. நாங்கள் செய்த ஆப்பை அந்த மருத்துவமனை சோதனை முறையில் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு ஐந்து கேள்வி. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? ஜுரம் உண்டா? டப்பாவில் எத்தனை மில்லி வடிந்தது? காயம் சிவந்திருக்கிறதா? கைப்பயிற்சி செய்தீர்களா? அம்மாவின் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். மகன் செய்தது என்று அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் காட்டினார்.

முதல் ஐந்து நாளும் வலி பூஜ்யம். ஆபீசில் உட்கார்ந்து அந்த நேர்கோட்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். சித்தி போன் செய்து, "எங்கடா வலி இல்ல? ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா உங்கம்மா" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "டாக்டர் அவ்வளவு நல்லா பண்ணியிருக்கார். வலிக்குதுன்னு போட்டா அவருக்குக் கஷ்டமா இருக்காதா? நீயும் அங்க தூங்க மாட்ட" என்றார். இதற்கு எந்தப் புத்தகத்தில் பார்முலா இருக்கிறது?

நான் திட்டிய பிறகு, அடுத்த சனிக்கிழமை காலை அம்மா முதல்முறையாக உண்மையைப் போட்டார். வலி 7. ஜுரம் 101. சிவப்பு: ஆம். ஆப் உடனே பச்சை டிக் காட்டி, "நன்றி! உங்கள் பதில் பதிவாகிவிட்டது" என்றது. அந்தப் பதில் ஒரு மின்னஞ்சலாகப் போய் ஒரு அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது. சனி மதியத்தோடு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிறு நான் பேசினபோதுகூட, "எல்லாம் டாக்டருக்குப் போட்டுட்டேன்பா" என்றுதான் சொன்னார். வழக்கம்போல் போட்டிருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். திங்கள் காலை பத்து மணிக்கு மின்னஞ்சலைத் திறந்தபோது ஜுரம் 103. காரில் படுக்க வைத்துக் கூட்டிப் போனோம். காயத்தைத் திறந்து சீழ் எடுத்து, ஆறு நாள் டிரிப்ஸ். அதற்குப் பிறகு தொடங்க வேண்டிய கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது.

"ஏம்மா ஒரு போன் பண்ணல?" என்று கேட்டேன். அம்மா சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "நான்தான் அமுக்கிட்டேனேப்பா. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேன்."

யோசித்துப் பாருங்கள். ஆப்பே இல்லாமல் இருந்திருந்தால் அம்மா சித்தியிடம் சொல்லியிருப்பார். சித்தி உள்ளூர் டாக்டரிடமாவது இழுத்துப் போயிருப்பார். எங்கள் ஆப் இருந்ததால்தான் அம்மா பேசாமல் காத்திருந்தார். அந்த "நன்றி" என்ற வரியை எழுதியவன் நான். பச்சை டிக் போட்டவனும் நான். ஒயர் இல்லாத தொட்டி, தம்பிகளே!

ஆகவே செல்போனே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஒயரை மாட்டினால் இது நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சீனாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 166 பேரிடம் மூன்று மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தி 2022-ல் வெளியிட்டார்கள். வலி, இருமல், மூச்சுத் திணறல், தூக்கமின்மை, அசதி ஆகிய ஐந்தைக் கேட்டார்கள். பாதிப் பேருக்கு, எந்த எண்ணாவது 4-ஐத் தொட்டால் அறுவை மருத்துவருக்கு எச்சரிக்கை போகும், அவர் கவனிப்பார். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. முதல் பிரிவில் சிக்கல் வந்தவர்கள் 21.5 சதவீதம், மற்றதில் 40.6 சதவீதம். இரண்டு பிரிவினரும் அதே கேள்விகளுக்குத்தான் பதில் சொன்னார்கள். எச்சரிக்கை ஒருவரைப் போய்ச் சேர்ந்ததும் அவர் எழுந்து வந்ததும்தான் வித்தியாசம்.

கனடாவில் டொரண்டோவில் மார்பகச் சீரமைப்பு ஆபரேஷன் செய்த 65 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் காயத்தைப் போட்டோ எடுத்து ஆப்பில் அனுப்பினார்கள். மருத்துவர் அதைப் பார்த்தார். முதல் 30 நாளில் அவர்கள் நேரில் வர வேண்டிய தடவைகள் குறைந்தன, சிக்கல்கள் கூடவில்லை. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகிற என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, நாங்கள் என்ன மாற்றினோம்? முதலில் மின்னஞ்சலைத் தூக்கி எறிந்தோம். இரவு பகல் எந்நேரமும் ஒரு நர்ஸ் கையில் ஒரு போன். மோசமான பதில் வந்தால் அது அடிக்கும். அரை மணிக்குள் அவர் எடுக்கவில்லை என்றால் டியூட்டி டாக்டரின் போன் அடிக்கும். ஆப்புக்கு ஆன செலவைவிட இந்த நர்ஸ் ஷிப்டுக்குத்தான் நிர்வாகத்திடம் அதிகம் போராட வேண்டியிருந்தது.

இரண்டாவது, பச்சை டிக்கை எடுத்தோம். "உங்கள் பதிலை இன்னும் யாரும் பார்க்கவில்லை" என்று உள்ளது உள்ளபடி காட்டும். பார்த்த பிறகு, பார்த்த நர்ஸின் பெயர் வரும். ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் நீங்களே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டு நாள் ஒருவர் பதிலே போடவில்லை என்றால் அதுவும் ஓர் எச்சரிக்கைதான், நர்ஸ் கூப்பிடுவார். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு சாதா போனில் குரல் அழைப்பு. எண்ணை அமுக்கிப் பதில் சொல்லலாம்.

மூன்றாவது, கேள்விகள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் மார்க் போடுகிற மாதிரி டாக்டருக்குத் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். வலி நமக்கு எண்ணிலா வருகிறது? குத்துது, இழுக்குது, கனக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவருக்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்தச் சொற்களையே வைத்தோம். கூடவே, "நேத்து ராத்திரி வலியால முழிப்பு வந்துச்சா? இன்னிக்குத் தலையை நீங்களே சீவினீங்களா? ரவிக்கையை நீங்களே போட்டீங்களா?" என்று கேட்டோம். இதில் டாக்டரைச் சங்கடப்படுத்த ஒன்றுமில்லை, அதனால் உண்மை வருகிறது. தலை சீவ முடிந்தால் தோள் எவ்வளவு உயர்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் தெரிந்துகொள்வார். இந்த யோசனை எங்கள் குழுவில் யாருக்கும் வரவில்லை. வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அம்மா சொன்னது.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரின் நடையை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். மறுநாளே ஆயிரம் அடி வரை நடக்க முடிந்தவர்கள் நீண்ட நாள் தங்க நேர்வது குறைவாக இருந்தது. ஆயிரத்துக்கு மேல் போனதால் கூடுதல் பலன் தெரியவில்லை. நல்ல அளவுகோல்தான். நானும் ஆசையாக அம்மாவுக்கு ஒரு வாட்ச் வாங்கிப் போனேன். நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, "கணு எடுத்த பக்கத்துக் கையில இறுக்கமா எதுவும் கட்டக் கூடாதுப்பா" என்றார். மற்றக் கையில் கட்டினோம். இரண்டு நாளில் வாட்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. கணக்குப்படி அம்மா அன்று 40 அடி நடந்திருந்தார். உண்மையில் வாசல் பெருக்கிக் கோலமும் போட்டிருந்தார்!

மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆளுக்கு உழைச்செல்வான் என்று பெயர். ஆப் இந்த நான்கில் எதுவும் இல்லை. நான்காவது ஆள் தூரத்தில் இருந்தால், அவர் காதுக்கு எட்டுகிற மணி அது. அவ்வளவுதான். ஆனால் ஆறு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற மணி சின்ன விஷயம் அல்ல.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டுப் பிராஜெக்ட்டுக்கு மருத்துவ ஆப் செய்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கோடு எழுதும் முன் ஒரு நாள் புறநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்த எச்சரிக்கையை எடுப்பது யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல ஆள் இல்லை என்றால் அந்தப் பொத்தானை வைக்காதீர்கள். காயத்தின் போட்டோ ஒரு பெண்ணின் மானம் என்பதையும் மறக்காதீர்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் கடமை.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள். ராத்திரி யாரைக் கூப்பிடுவது? எவ்வளவு ஜுரம் வந்தால் கூப்பிடுவது? டப்பாவில் எவ்வளவு வடிந்தால் சரி, எப்படி வடிந்தால் தப்பு? பொதுவாக 100.4 டிகிரியைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது என்பார்கள்; உங்கள் டாக்டர் சொல்வதே உங்களுக்குக் கணக்கு. ஆப்பில் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு குரல் திரும்பக் கேட்கும் வரை அமுக்கியது அமுக்கியதாகக் கணக்கில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கொடியில் துணியை எட்டி உலர்த்துகிறார். அதுதான் அவருடைய கைப்பயிற்சி. இப்போதும் போன் செய்தால், "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன்" என்பார். நான் உடனே சித்திக்கு ஒரு போன் போடுவேன்.

"நன்றி" என்று சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் வந்து நாலு கேள்வி கேளுங்கள். அப்போது சொல்கிறேன்.