கருங்கோழியின் குணமும் நம் கொல்லைப்புறமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்க்கிறார், பல் பார்க்கிறார், முட்டுமா, உதைக்குமா, கறக்க நிற்குமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். கோழி வாங்கும்போது மட்டும் நாம் நிறத்தையும் விலையையும் கேட்டுவிட்டுக் கூடையை நீட்டிவிடுகிறோம். கோழிக்கும் குணம் உண்டு. அக்குணம் நம் வீட்டுக் கொல்லைக்கு ஒத்துவருமா என்பதே முதற்கேள்வியாக இருக்கவேண்டும். இதனைக் கடக்நாத் என்னும் கருங்கோழியைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

இக்கோழியின் தாயகம் மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியாகும். ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களில் பீல், பிலாலா என்னும் பழங்குடி மக்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகின்றனர். இறைச்சி கறுத்திருப்பதால் அங்கே 'காலிமாசி' என்றும் வழங்குவர். இறகில் முழுக் கறுப்பு, கோடிட்டது, பொன்னிறம் கலந்தது என மூவகை உண்டு. தோல், இறைச்சி, எலும்பின் மேலுறை ஆகியவற்றிலும் கருநிறமி படிந்திருக்கும். ஜாபுவாக் கருங்கோழி இறைச்சிக்கு 2018-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று இதன் பெயர் நம் சந்தைகளிலும் அடிபடுகிறது.

பெயரோடு சில கட்டுக்கதைகளும் வந்துள்ளன. முட்டையும் கறுப்பு என்பர், அது தவறு. முட்டை வெளிர்பழுப்பு நிறமே. இறைச்சி நோய் தீர்க்கும் என்பர். அது கொழுப்புக் குறைந்த நல்ல புரத உணவு, மருந்தன்று. இக்கோழிக்கு நோயே வராது என்பாரும் உளர். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கறுப்பென்றும் வெள்ளையென்றும் அது பாராது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் தவறாமல் போடவேண்டும்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் நான் பணிபுரிந்தபோது, மகளிர் குழுவினர் எண்மர் எந்தக் கோழி வாங்கலாம் என்று கேட்டனர். கருங்கோழிக்கு நல்ல விலை உண்டு என்று அறிந்திருந்த நான், தயங்காமல் அதனையே சொன்னேன். வீட்டுக்குப் பத்தாக 80 குஞ்சுகள் வாங்கினர். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. பெட்டைகள் முட்டையிட்டதும் அடைக்கு வைத்தனர். பெட்டைகளோ உட்காரவில்லை, உட்கார்ந்த இரண்டொன்றும் சில நாளில் எழுந்து போயின. முட்டைகள் கூழாயின. இரவில் கூட்டுக்கு வராமல் முருங்கையிலும் வேலியிலும் ஏறியவற்றை மரநாய் கொண்டுபோயிற்று. ஆண்டு முடிவில் எஞ்சியவை 22. கடன் தவணைக்காக ஒரு தாய் தம் வெள்ளாட்டை விற்றார். இதில் கோழியின்மேல் குற்றமில்லை. விலையைச் சொன்ன நான் குணத்தைச் சொல்லவில்லை; அதுவே பிழை.

அறியவேண்டிய குணங்கள்

முதலாவது, அடைகாப்பதில் இக்கோழிக்குப் பொதுவாக நாட்டமில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 80 முதல் 100 முட்டையிடும்; ஆனால் தாய்மைப் பொறுப்பை ஏற்காது. இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் சிறுவிடைப் பெட்டை அடைகாப்பதில் பெயர் பெற்றது. அதன் கீழ் 10 அல்லது 12 கருங்கோழி முட்டைகளை ஒரே நாளில் வைத்தால், 21 நாளில் பொரிக்கும். குஞ்சுகளைத் தன் குஞ்சுகளாகவே கூட்டிக்கொண்டு திரியும். இதை எனக்குக் கற்பித்தவர், ஆட்டை விற்ற அந்தத் தாயே. மிஞ்சிய கருங்கோழிகளின் முட்டைகளை அவர் அவ்வாறு வைத்தார். பதினொன்றில் ஒன்பது பொரித்தன.

இரண்டாவது, இது மிரளும் இயல்புடையது. பருந்தின் நிழல் கண்டால் உடனே புதரில் மறையும். இரையைத் தானே தேடிக்கொள்ளும். இவை நன்மைகளே. ஆனால் சிறுவர் துரத்தினாலும் நாய் விரட்டினாலும் கண்காணா இடத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆகவே குஞ்சுப் பருவம் முதல் ஒருவரே, ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்துத் தீனி இடுதல் வேண்டும். புதிதாக வாங்கியவற்றை இரண்டு வாரம் கூட்டிலேயே அடைத்து வைத்துப் பழக்குக. கூட்டினுள் ஏறி அமரக் குறுக்குக் கம்பு கட்டுக. பொழுது சாயுமுன் எண்ணிப் பார்த்துக் கதவை அடைத்திடுக.

மூன்றாவது, குறுகிய கொல்லையில் இரண்டு சேவல் விட்டால் சண்டை ஓயாது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஏனையவற்றை விற்றுவிடலாம். ஒரே இரத்தத்தில் பெருகாதபடி ஆண்டுதோறும் அயல்வீட்டாரோடு சேவலை மாற்றிக்கொள்வது நல்லது. சிறுவிடையோடு கலந்து பிறந்த குஞ்சும் கறுத்திருக்கக்கூடும். அதனைக் கலப்பென்று சொல்லியே விற்கவேண்டும். ஒருமுறை ஏமாந்த வியாபாரி நம் ஊருக்கு மறுமுறை வாரார்.

நான்காவது, வளர்ச்சி மெதுவானது. முதல் முட்டைக்கே ஆறு மாதம் அளவில் ஆகும். வளர்ந்த பெட்டை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவே இருக்கும்.

யாருக்கு ஏற்றது?

வேலியும் நிழலும் மேய இடமும் உள்ள கொல்லை, இரவில் அடைக்க உறுதியான கூடு, வீட்டில் ஏற்கெனவே இரண்டு சிறுவிடை அடைக்கோழி, வாங்குவோர் அருகில் இருத்தல் ஆகிய இவை அமைந்தவருக்குக் கருங்கோழி நல்ல துணைவருவாய் தரும். தெருவோரச் சிறு வாசல் உள்ளவரும், அண்டை வீட்டு நாற்றங்காலுக்கு அருகில் இருப்பவரும், மூன்று மாதத்தில் கடனைத் திருப்ப வேண்டியவரும் இதனைத் தொடாதிருப்பதே நன்று. ஏற்றவரும் முதலில் ஐந்தாறு குஞ்சு வளர்த்துப் பழகிய பின்னரே பெருக்கவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் குழுக்கள் எந்தக் கோழியை வாங்க முன்வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். அடைகாக்குமா? இரவில் கூட்டில் அடையுமா? சேவல்கள் ஒத்திருக்குமா? எத்தனை மாதத்தில் பலன் தரும்? விற்பவர் விலையை மட்டும் சொல்லி இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கினால், பணத்தை முடிச்சிலேயே வைத்திருங்கள். அதிகாரி சொன்னாலும் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். அன்று என்னிடம் யாரேனும் கேட்டிருந்தால், அந்த வெள்ளாடு இன்றும் அந்தத் தாயின் வாசலில் நின்றிருக்கும்.