பழைய மடிக்கணினியின் குறுகிய வாயில்

அகளியிலிருந்து மன்னார்க்காடு செல்லும் பேருந்து எத்துணை விரைவுடையதாயினும் அட்டப்பாடிச் சுரத்தின் வளைவுகளில் ஊர்ந்தே தீரவேண்டும். பழைய மடிக்கணினியில் விரிவாக்க அட்டையைச் செருகிக் கோப்புகளைப் பெயர்க்கும்போது நாம் காண்பதும் இதுவே. ஊரில் எடுத்த பெற்றோர் படங்களும் நிலப் பத்திர நகல்களும் உள்ளே இருக்க, வட்டு என்று ஓயுமோ என்னும் அச்சம் வேறு!

2003இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டு வாயிலினுள் இரு பாதைகள் உள. ஒன்று நொடிக்கு 250 மெகாபைட் வரை தாங்கும். மற்றது யூஎஸ்பி 2.0, கணக்கில் 60, நடைமுறையில் ஏறத்தாழ அதிற் பாதி. நினைவட்டை படிக்கும் கருவிகளிற் பல இரண்டாம் பாதையையே பற்றுவன. வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

அதற்கும் முந்திய கார்டுபஸ் வாயிலில் யூஎஸ்பி 2.0 அட்டையைச் செருகினும், உரிய இயக்கி மென்பொருள் இல்லையேல் வேகம் நொடிக்கு ஒன்றரை மெகாபைட்டாகச் சுருங்கிவிடும். 100 ஜிகாபைட் பெயர 18 மணி நேரத்துக்கு மேலாகும்! இயக்கியை நிறுவினால் ஒன்றிரண்டு மணியில் முடியும். பலர் அட்டையைப் பழித்துவிட்டு இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒன்றும் கைகொடாவிடில் வட்டையே கழற்றி, உறையிலிட்டுப் புதிய கணினியில் இணைக்கலாம். அகளியில் அதற்கு ஆளில்லையேல், ஆனைக்கட்டி வழியே கோயம்புத்தூருக்கு ஒரு நாட்பயணம்.