எல்லார் பங்கும் ஒண்ணுதான்



நம்ம கட்டட வாசலுக்கு மேல இருக்கிற வண்ணக் கண்ணாடி ஜன்னல், நம்மோடு சேமித்து இன்று நம்மோடு இல்லாத உறுப்பினர்கள் நினைவாக வைத்தது. படம் வரைந்தது நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தீங்க.

முதல்ல தாமரை, மயில்னு வரைந்தார்கள். "உங்க ஆயாவை நினைச்சா என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டோம். அப்புறம்தான் சுருக்குப்பை, மை வைத்த பெருவிரல், பாஸ்புக், வட்டமா உட்கார்ந்த பெண்கள் எல்லாம் வந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு. ரொம்ப ஒல்லியா இருந்தா உடைஞ்சிடும். அதனால கண்ணு மூக்கு போடாம, சேலை நிறத்தாலேயே ஆளைக் காட்டினாங்க. வெட்டிப் பொருத்தும் வேலையைக் கண்ணாடிக் கடைக்காரர் செய்தார். பிள்ளைகள் கையில் கண்ணாடி கொடுக்கலை.

செலவு பேசும்போது, முழுத் தொகையும் தர்றேன், கீழே என் பேர் போடுங்க என்று ஒருத்தர் முன்வந்தார். பாதிப் பேருக்கு அது சரின்னு பட்டது. அப்போது டீச்சர் ஒரு உண்மைச் சம்பவம் சொன்னாங்க.

1963 செப்டம்பர் 15ஆம் தேதி, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் இனவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நாலு பெண்பிள்ளைகள் இறந்தார்கள். ஜன்னல்களும் நொறுங்கின. கடல் தாண்டி இருக்கிற வேல்ஸ் நாட்டு ஜனங்கள் ஒரு ஜன்னல் செய்து தர முன்வந்தார்கள். வசூல் செய்த பத்திரிகை, யாரும் அரை கிரவுனுக்கு மேல் தரக் கூடாது என்றது. அது சில்லறைக் காசு. பணக்காரர் ஒருத்தரே கொடுத்துட்டா அது அவர் ஜன்னல் ஆயிடுமே! சின்னப் பிள்ளைகளும் காசு போட்டார்கள். ஜான் பெட்ஸ் என்ற கலைஞர் செய்த அந்த ஜன்னல் 1965-இல் அங்கே வைக்கப்பட்டது. கை விரித்து நிற்கிற கறுப்பு இயேசுவை இன்றும் அதில் பார்க்கலாம்.

இதைக் கேட்டபின் தீர்மானம் போட்டோம். ஆளுக்கு 20 ரூபாய், அதுக்கு மேல் யாரிடமும் வாங்கறதில்லை. நூறு நாள் வேலைக்குப் போற அக்காவும் 20, மாடி வீட்டு அக்காவும் 20. முழுத் தொகை தர வந்தவரிடமும் 20 ரூபாய் வாங்கி ரசீது கொடுத்தோம். சந்தாவில் நாம கடைப்பிடிக்கிற கணக்கும் இதுதானே?

காலை வெயிலில் அந்த நிறமெல்லாம் நாம உட்காரும் தரையில் விழும். பார்க்கணும்னா மீட்டிங்குக்கு நேரத்தோடு வாங்க!